செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25: சுரங்க ஊர்களின் கிணற்று நீர்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, சங்க அங்கத்தினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

ஜாம்ஷெட்பூர்வாழ் தமிழ்க் குடும்பங்களாகிய நமது சங்கத்தின் ஆண்டறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியே படிப்பார். சென்ற பொதுக்குழு நம்மிடம் ஒப்படைத்த, சுரங்க ஊர்களின் கிணற்று நீரில் யுரேனியத்தை அளந்து பார்க்கும் பணியைப் பற்றி மட்டுமே நான் விரிவாகப் பேச விரும்புகிறேன்.

இங்கிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டரில் உள்ள ஜாதுகுடாவில்தான் 1967-இல் நாட்டின் முதல் யுரேனியச் சுரங்கம் தொடங்கியது. அந்தச் சுரங்கம் இன்று 900 மீட்டருக்கும் அதிகமான ஆழம் கொண்டது. பாட்டின், நர்வாபஹார், துராம்டி, பாக்ஜாதா ஆகிய இடங்களிலும் பின்னர் நிலத்தடிச் சுரங்கங்கள் வந்தன. இங்குள்ள தாது மிகவும் மெலிந்தது. ஒரு டன் பாறையில் அரைக் கிலோ அளவே யுரேனியம் இருக்கிறது. பாறையை மாவாக அரைத்து, கந்தக அமிலத்தில் ஊறவைத்து அதைப் பிரித்தெடுத்த பிறகு, எஞ்சும் சக்கையைச் சுண்ணாம்பால் நடுநிலையாக்குகிறார்கள். பருமணலாக இருப்பது மீண்டும் சுரங்கத்துக்குள் நிரப்பப்படுகிறது; நுண்சேறு குழாய் வழியே கழிவுக் குட்டைக்குப் போகிறது. 2006 டிசம்பர் 24 அன்று டுங்கிரிடி கிராமத்தருகே உடைந்தது அத்தகைய குழாய்தான். யுரேனியத்தை எடுத்துவிட்டாலும், பாதியாகக் குறையவே 1,600 ஆண்டு எடுக்கும் கதிரியக்கத் தனிமமான ரேடியம் அந்தச் சேற்றிலேயே தங்கிவிடுகிறது.

காற்றுப்படாத ஆழத்தில் யுரேனியம் அவ்வளவு எளிதில் நீரில் கரையாது. சுரங்கம் வெட்டி, ஊறும் நீரை இறைத்து, பாறைக்குள் காற்றைப் புகவிடும்போது அது ஆக்சிஜனேற்றம் அடைந்து, நீரிலுள்ள பைகார்பனேட்டோடு சேர்ந்து கரைந்து நகரத் தொடங்குகிறது. ஆயினும் இதை வைத்து, கிணற்றில் யுரேனியம் இருந்தாலே சுரங்கம்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. இச்சுரங்கங்கள் உள்ள சிங்பூம் பகுதியின் பாறைப் பட்டையே தாமிரமும் யுரேனியமும் கலந்தது. யுரேனியச் சுரங்கமே இல்லாத பஞ்சாபிலும் கிணற்று நீரில் யுரேனியம் கூடுதலாகக் காணப்படுகிறது. அதேபோல், பாறையின் இயல்பு இது என்று சொல்லிச் சுரங்கத்தை விடுவித்துவிடவும் முடியாது. ஒரே கிணற்றின் நீரைப் பருவம் தவறாமல் பல ஆண்டுகள் அளந்து வைத்தால்தான் எது எங்கிருந்து வருகிறது என்று தெரியும் என்பதே நம் குழு வந்தடைந்த முடிவு.

இனி, நம் குழுவின் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். கோடையில் சாபாகல் எனப்படும் கைப்பம்புகளிலிருந்து முதல் மாதிரிகளை எடுத்தபோது, நீர் தெளிவாக இருந்ததால் அப்படியே புட்டிகளில் அடைத்துக் கொண்டுவந்தோம். மறுநாள் காலையில் புட்டிகளின் அடியில் செம்பழுப்பாகத் துரு படிந்திருந்தது. நீரில் கரைந்திருந்த இரும்பு காற்றுப் பட்டுத் துருவாகும்போது யுரேனியத்தையும் தன்னோடு இழுத்துக்கொண்டு அடியில் படிந்துவிடும். மேல்நீரை மட்டும் அளந்தால் உண்மையைவிடக் குறைந்த எண்ணே கிடைக்கும். ஆகவே அந்தத் தொகுப்பு முழுவதையும் தள்ளிவிட்டோம். இதற்குச் செயலாளர் என்ற முறையில் நானே பொறுப்பேற்கிறேன். மழைக்காலம் முடிந்தபின், பம்பை நன்றாக அடித்துப் பழைய நீரை வெளியேற்றி, அங்கேயே நுண்வடிகட்டியில் வடித்து, சில துளி நைட்ரிக் அமிலம் விட்டு மூடினோம்.

அந்த மாதிரிகளில் கிடைத்த யுரேனிய அளவுகளை அந்தந்த வீட்டாரிடம் இந்தியிலும், இப்பகுதிப் பழங்குடியினரின் மொழியான சந்தாலியிலும் எழுதிக் கொடுத்துவிட்டோம். ஒரு பருவத்து எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஊரைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது அங்கே வாழ்கிறவர்களுக்கு அநீதி என்பதால் இவ்வறிக்கையில் அவற்றைத் தரவில்லை. குடிநீரில் யுரேனியத்துக்கு உலக சுகாதார நிறுவனம் 2011 முதல் லிட்டருக்கு 30 மைக்ரோகிராம் என்ற வரம்பை வைத்திருக்கிறது. நமது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் வரம்போ 60. இடைப்பட்ட அளவு உள்ள நீரைக் குடிக்கலாமா என்று கேட்டவர்களுக்கு, குறைந்த வரம்பையே கணக்கில் கொள்ளுங்கள் என்றோம். குடிநீரில் வரும் யுரேனியம் கதிர்வீச்சைக் காட்டிலும் நச்சுத்தன்மையாலேயே சிறுநீரகத்தைத் தாக்குகிறது. கொதிக்க வைத்தால் போதாதா என்று ஒரு மூதாட்டி கேட்டார். நீர் ஆவியாகப் போகும், யுரேனியம் பாத்திரத்திலேயே இருக்கும், அதனால் மீந்த நீரில் அதன் செறிவு கூடத்தான் செய்யும் என்று விளக்கியபோது அவர் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆர்.ஓ. கருவி யுரேனியத்தைப் பெருமளவு நீக்கும். ஆனால் அது வெளியேற்றும் செறிந்த நீரைக் கிணற்றோரம் ஊற்றக் கூடாது.

நமக்கு உண்மையான கவலை, சுரங்கங்களில் ஊறும் நீரை இறைப்பது நிற்கப்போகும் நாளைப் பற்றியது. கிழக்கு ஜெர்மனியின் விஸ்முட் நிறுவனத்து யுரேனியச் சுரங்கங்கள் 1990-இல் உற்பத்தியை நிறுத்தின. அதன்பின் சுரங்கங்களில் நீர் ஏறியது, அந்த நீரைச் சுத்திகரிக்கும் நிலையங்கள் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. சிங்பூமிலும் ஒருநாள் பம்புகள் நிற்கும், நீர்மட்டம் ஏறும். அன்று ஒப்பிட்டுப் பார்க்க, இன்றைய நீரின் பதிவு நம் கையில் இருக்க வேண்டும்.

எனவே, அதே கைப்பம்புகளில் மே மாதமும் நவம்பர் மாதமும் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் மாதிரி எடுக்கவும், நுண்வடிகட்டிகளுக்கும் ஆய்வகக் கட்டணத்துக்கும் நிதி ஒதுக்கவும், சந்தாலி பேசத் தெரிந்த உறுப்பினர் இருவரைக் குழுவில் சேர்க்கவும் பொதுக்குழு இசைவு தருமாறு கோருகிறேன். இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்