செயலாளரின் ஆண்டறிக்கை: பிடித்த பதியமும் பிடிக்காத பதியமும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். எனவே இந்த ஆண்டு நம் பொழுதைப் பெரிதும் எடுத்துக்கொண்ட விண் பதியப் பயிற்சியை, அதாவது கிளையை மரத்தில் இருக்கும்போதே வேர்விடச் செய்து கன்றாக்கும் முறையைப் பற்றியே விரிவாகச் சொல்கிறேன்.

விதைக் கன்று தாய்மரத்தைப் போலவே காய்க்கும் என்பதற்கு உறுதியில்லை. பதியக் கன்றில் அந்தச் சந்தேகமே எழாது; காய்ப்புக்கும் முந்திவிடும். கொய்யா, மாதுளை, எலுமிச்சை மூன்றுக்கும் இம்முறை நன்றாக ஒத்துவருகிறது. மாங்கிளையில் எளிதில் வேர் இறங்காது என்பதால், மாங்கன்று கேட்டு வந்தவர்களை ஒட்டுக் கட்டும் குழுவிடம் அனுப்பிவைத்தோம்.

செய்முறை நாளில், பென்சில் பருமனுள்ள செழிப்பான கிளையில் சுமார் 3 செ.மீ. அகலத்துக்குப் பட்டையை வளையமாக உரித்தோம். இலைகளில் உண்டாகும் உணவு பட்டை வழியாகத்தான் கீழே இறங்குகிறது. உரித்த இடத்தில் வழி அடைபடுவதால் அது மேல் விளிம்பில் தேங்கி, அங்கேயே வேர் கிளம்புகிறது. தண்ணீர் கட்டை வழியே ஏறிக்கொண்டிருப்பதால் கிளை வாடுவதில்லை. இத்தனை விளக்கிய பிறகும் வேரூக்கியைக் கீழ் விளிம்பில் அப்பிய அன்பர்கள் உண்டு, பெயர் சொல்லவில்லை.

வேர் பிடிக்காத பதியங்களை அவிழ்த்துப் பார்த்தபோது பலவற்றில் ஒரே காட்சிதான். உரித்த வளையத்தின் குறுக்கே மெல்லிய பச்சைக் கீற்றாகப் புதுப் பட்டை ஓடியிருந்தது. உரித்ததும் கட்டையின்மேல் வழவழவென்று ஒட்டியிருக்கும் வளர்திசுவைக் கத்தி முதுகால் சுரண்டி எடுக்க வேண்டும். விட்டுவைத்தால் மரம் காயத்தை ஆற்றிக்கொள்ளுமே தவிர, வேர் விடாது. வேறு சிலவற்றில், உரித்த வளையத்தைச் சுற்றிப் பந்தாக வைக்கும் பாசியைச் சொட்டச் சொட்டக் கட்டியதால் உள்ளே அழுகல். நனைத்த பாசியை நன்றாகப் பிழிந்த பிறகே வைத்து, மேலே சுற்றும் பாலித்தீன் தாளின் இரு முனைகளையும் இறுக்கிக் கட்ட வேண்டும்.

தாளுக்குள் ஓரிரு வெள்ளை வேர் தெரிந்த உடனேயே கிளையை வெட்டியவர்கள் மீது எனக்கு வருத்தமுண்டு. வேர் பாசிப் பந்து முழுவதும் பரவிப் பழுப்பேறட்டும். பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு மாதம் ஆகும். பந்துக்குக் கீழே வெட்டி, இலைகளில் பாதியைக் கழித்து, தாளைப் பிரித்துத் தொட்டியில் வைத்து நிழலில் தேற்றுங்கள். ஆணிவேர் இல்லாத கன்று என்பதால், நிலத்தில் நட்டதும் முட்டுக்கம்பு கட்டாயம்.

தாய்மரத்தில் நச்சுயிரி நோய் இருந்தால் அதுவும் கன்றோடு சேர்ந்தே வரும். கிளை சும்மா கிடைக்கிறதே என்று கண்ட மரத்திலும் பதியம் போட வேண்டாம். உறுப்பினர் தோட்டங்களில் உள்ள நோயற்ற, நன்கு காய்க்கும் மரங்களுக்குத் தாய்மரப் பதிவேடு ஒன்று தொடங்கச் செயற்குழு பரிந்துரைத்துள்ளது. அந்தத் தீர்மானத்தைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன்.

இவண்,
செயலாளர்