உதைபந்தாட்டம் பார்க்கக் கிட்ட இருந்தால் போதாது

ஆசிரியர் அவர்கட்கு,

வெளிநாட்டு உதைபந்தாட்ட அரங்குகளில் எந்த இருக்கையைத் தெரிவு செய்வது என்று தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரையை வாசித்தேன். வன்னியில் இருக்கிற எங்களுக்கு இது எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். பிள்ளைகள் லண்டனிலும் பரிஸிலும் ரொறன்ரோவிலும் இருக்க, விசா எடுத்துப் போய்வருகிற தாய் தகப்பன்மார் இங்கே ஒழுங்கைக்கு ஒழுங்கை இருக்கிறார்கள். போன இடத்தில் மருமகன் ரிக்கற் எடுக்க வெளிக்கிட்டு, "மாமா, எந்தப் பக்கம் எடுக்கட்டும்?" என்று கேட்டால் என்ன சொல்வது? நடுக்கோட்டுக்கு நேரே முதல் வரிசைதான் சிறந்தது என்கிறார் உங்கள் கட்டுரையாளர். எனக்கு அதில் உடன்பாடில்லை.

முதல் வரிசையில் வீரர்கள் போடும் சத்தமெல்லாம் கேட்கும், அது உண்மைதான். ஆனால் மைதானத்தின் அகலம் 68 மீட்டர். பந்து எதிர்ப்பக்கக் கோட்டுக்குப் போய்விட்டால் அங்கிருந்து தெரிவது கால்களின் கூட்டம் மட்டுமே. இடையில் விளம்பரப் பலகை, லைன்ஸ்மன், உடம்பைச் சூடாக்க ஓடித்திரிகிற மாற்று வீரர்கள். எல்லோரும் ஒரே மட்டத்தில் நிற்பதால் யார் முன்னுக்கு, யார் பின்னுக்கு என்று பிடிபடாது. கோல் விழுந்ததா, வலையின் வெளிப்பக்கம் பட்டதா என்பதையே பக்கத்தில் இருப்பவரின் கூச்சலை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும். மழை பெய்தால் கூரை இருந்தும் முன்வரிசைகள் நனையும்.

உதைபந்தாட்டத்தில் பார்க்க வேண்டியது பந்தை மட்டும் அல்ல, பந்து இல்லாத இடத்தையும்தான். பின்கள வீரர் நால்வரும் ஒரு வரிசையாக ஏறி இறங்குவது, அவர்களுக்கு நடுவில் ஓர் இடைவெளி திறப்பது, அதற்குள் ஒருவன் ஓடத் தொடங்குவது எல்லாம் உயரத்தில் இருந்தால்தான் கண்ணில் படும். ஆகவே கீழ்த்தட்டின் மேற்பாதி, இல்லையென்றால் மேல்தட்டின் முதல் சில வரிசைகள். கீழ்த்தட்டின் கடைசி வரிசைகளை மட்டும் தவிர்க்கவேண்டும். மேல்தட்டு தலைக்கு மேலே வந்து மறைப்பதால் கோல் காப்பாளர் உயர அடிக்கிற பந்து பாதி வழியில் காணாமல் போய்விடும்.

அரங்கு கட்டுகிற பொறியியலாளர்களும் இதைக் கணக்குப் பார்த்தே படிகளை அமைக்கிறார்கள். உங்கள் பார்வைக்கோடு முன்னால் இருப்பவரின் தலைக்கு மேலே 120 மில்லிமீட்டர் உயரத்தில் போனால் மிக நன்று, 90 நன்று, 60 என்றால் தலையைச் சரித்துச் சரித்துப் பார்க்கவேண்டும். தூரத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. மைதானத்தின் நடுப்புள்ளியிலிருந்து 90 மீட்டருக்குள் இருப்பது நல்லது, எதிர்மூலையிலிருந்து 190 மீட்டருக்கு மேல் போகக்கூடாது. ஓட்டப்பாதை சுற்றிவர உள்ள அரங்குகளில் இந்தக் கணக்கு அடிபட்டுப் போகிறது. கொழும்பு சுகததாச அரங்கும் சென்னை நேரு விளையாட்டரங்கும் அப்படித்தான். வெஸ்ட் ஹாம் கழகம் 2016-இல் தன் பழைய இடத்தை விட்டு லண்டன் ஒலிம்பிக் அரங்குக்குப் போனபோது அதன் ரசிகர்கள் முணுமுணுத்ததும் இந்தத் தூரத்தைப் பற்றித்தான். அப்படிப்பட்ட அரங்கில் முன்வரிசை இரட்டை நட்டம்.

நடுக்கோட்டுக்கு நேரேதான் இருக்கவேண்டும் என்பதும் இல்லை. அது தொலைக்காட்சியின் பிரதான கமரா நிற்கிற இடம். வீட்டில் கதிரையில் இருந்து பார்க்கிற காட்சியைத்தான் விமானச் செலவோடு பார்க்கப் போகிறோமா? தண்ட எல்லைக்கு (கோலுக்கு முன்னால் கோடு போட்ட பெரிய பெட்டிக்கு) நேரே, பக்கவாட்டில் உயரமாக ஓர் இடம் கிடைத்தால் நான் விடமாட்டேன். விலையும் அனேகமாகக் குறைவாக இருக்கும்.

கோல்கம்பத்துக்குப் பின்னால் இருப்பதைக் கட்டுரையாளர் ஒரே வரியில் தள்ளிவிட்டார். இளம் ஆட்களுக்கு அதுதான் இடம், பாட்டும் கொடியும் அங்கேதான். வயதானவர்கள் ஒன்றை அறிந்து போகவேண்டும்: அங்கே இருக்கை இருந்தும் பலர் முழு ஆட்டத்தையும் எழும்பி நின்றுதான் பார்ப்பார்கள். 97 உயிர்களைப் பலிகொண்ட 1989 ஹில்ஸ்பரோ அரங்கு நெரிசலுக்குப் பிறகு இங்கிலாந்தின் பெரிய கழகங்கள் நின்று பார்க்கும் மேடைகளை எடுத்துவிட்டு முழுக்க இருக்கைகள் போட்டன. 2022-இலிருந்து தடுப்புக் கம்பிகளோடு நின்று பார்க்கும் பகுதிகள் திரும்ப வந்திருக்கின்றன. முழங்கால் நோ உள்ளவர் அந்தப் பக்கம் எடுக்கவேண்டாம். எதிரணி ஜேர்சி போட்டுக்கொண்டு உள்ளூர் ரசிகர்களின் பகுதிக்குள் போனால் வெளியே அனுப்பியும் விடுவார்கள். பழைய அரங்குகளில் தூண் மறைக்கிற இருக்கைகளைக் குறைந்த விலைக்கு விற்பதுண்டு. லண்டன் ஃபுல்ஹாம் கழக அரங்கில் 1905-இல் கட்டிய ஒரு பக்கத்தில் தூண்களும் மர இருக்கைகளும் இன்னும் இருக்கின்றன. மலிவு என்று உடனே எடுக்காமல், தூண் எங்கே நிற்கிறது என்று கேட்டுவிட்டு எடுக்கவேண்டும்.

வெயிலைப் பற்றிக் கட்டுரையில் ஒரு சொல்லும் இல்லை. மைதானங்களைப் பெரும்பாலும் வடக்குத் தெற்காக வைத்து, பிரதான அரங்கை மேற்கில் கட்டுவதே வழக்கம். மாலை வெயில் அப்போது முதுகுப்பக்கம் விழும். கிழக்கு அரங்கில் இருப்பவர் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு பார்க்கவேண்டியதுதான்.

இனி எங்கள் ஊருக்கு வருகிறேன். வன்னியில் கழகச் சுற்றுப்போட்டி என்றால் ஆட்டம் நாலு மணிக்கு. மூன்று மணிக்கே உழவு மெசின் பெட்டியைக் கோட்டோரம் கொண்டுவந்து நிறுத்தி, மேலே சாக்கு விரித்து, வெற்றிலைப் பையோடு ஏறி இருக்கிற பெரியவருக்குத்தான் அன்றைக்கு மைதானத்தில் ஆகச் சிறந்த இருக்கை. அவருக்கு எந்தக் கட்டுரையும் தேவைப்படவில்லை. மற்றவர்கள் கோட்டைச் சுற்றி ஐந்தாறு வரிசையாக நிற்க, "தம்பியவை, முன்னுக்கு நிக்கிற ஆக்கள் குந்துங்கோ, பின்னால மறைக்குது" என்று ஒலிபெருக்கி கத்திக்கொண்டே இருக்கும். குந்துகிறவர் யாரும் இல்லை. நடுக்கோட்டில் பிரதம விருந்தினர்களின் பந்தல், அதற்கு முன்னால் கேடயங்கள் அடுக்கிய மேசை. பந்தலுக்குப் பின்னால் நிற்பவருக்கு ஆட்டம் என்பது காதால் கேட்கிற விஷயம்.

கொங்கிரீட் அரங்கு கேட்டு மனுக்கொடுத்துக் காத்திருக்கத் தேவையில்லை என்பது என் எண்ணம். இங்கிலாந்தின் லிவர்பூல் கழக அரங்கில் ரசிகர்கள் நின்று பார்த்த பெயர்பெற்ற கொப் மேடை 1906-இல் மண்ணும் கரிச்சாம்பலும் குவித்து எழுப்பிய மேடாகத்தான் தொடங்கியது. குளக்கட்டு கட்டியே வாழ்ந்த ஊர்களுக்கு ஆளுயர மண்கட்டு ஒன்று பெரிய வேலையா? மேற்குப் பக்கமாக, நீளக்கோட்டின் நீளத்துக்கு, மைதானத்தைப் பார்த்தபடி படிபடியாகச் சரித்துக் கிறவல் மண் போட்டு அமத்தி, மேலே புல் பதித்துவிட்டால் மாரிக்கும் நிற்கும். கட்டுக்கும் கோட்டுக்கும் இடையில் ஒரு வாய்க்கால் வெட்டவேண்டும், இல்லாவிட்டால் கார்த்திகை மழையில் வெள்ளம் மைதானத்துக்குள் நிற்கும். எங்கள் பிரதேச சபைகளும் கழகங்களும் அடுத்த கோடைக்கு முன்னர் ஒரு மைதானத்திலாவது இதைச் செய்து பார்க்கட்டும். பிரதம விருந்தினர்களையும் அந்தக் கட்டின் மேலேயே இருத்தலாம்.

இப்படிக்கு,
உதைபந்தாட்ட ரசிகர் ஒருவர்,
முள்ளியவளை.