லெஸ்டரின் பிற்பாதி

அன்புள்ள பாஸ்கர்,

கடிதம் கிடைத்தது. முழங்கால் தேறிவிட்டது என்று படித்ததில் நிம்மதி. பள்ளி அணியை ஏற்றுக்கொண்டாய் என்பது அதைவிட நல்ல சேதி. பதிமூன்று, பதினான்கு வயசுப் பையன்களை இங்கிலாந்தின் லெஸ்டர் சிட்டி கால்பந்து அணி மாதிரி ஆடவைக்கப் போவதாக எழுதியிருக்கிறாய். அடுத்த பக்கத்திலேயே, 2015-16இல் அவர்கள் பிரீமியர் லீக்கை வென்றது வெறும் அதிர்ஷ்டம் என்றும் எழுதியிருக்கிறாய். ஏதாவது ஒன்றைச் சொல்லப்பா. அதிர்ஷ்டத்தை எந்த மைதானத்தில் வைத்துப் பயிற்சி கொடுப்பாய்?

கணக்கைப் பார். 38 ஆட்டத்தில் 23 வெற்றி, 12 டிரா, 3 தோல்வி, 81 புள்ளி. இரண்டாவது வந்த அர்செனலுக்கு 71, மூன்றாவது டாட்டன்ஹாமுக்கு 70. பத்துப் புள்ளி வித்தியாசம் அதிர்ஷ்டத்தால் மட்டும் வராது. சீசன் தொடங்கும் முன் பந்தயக்காரர்கள் கொடுத்த 5000க்கு 1 (லெஸ்டர் மேல் ஒன்று கட்டி ஜெயித்தால் 5000) என்ற விலையைத்தான் எல்லோரும் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். அது பந்தயக்காரர்கள் எவ்வளவு தப்பாகக் கணித்தார்கள் என்பதைக் காட்டுகிறது, அவ்வளவுதான். முந்தைய சீசனில் மாதக்கணக்கில் கடைசி இடத்தில் கிடந்த அணி, கடைசி 9 ஆட்டத்தில் 7ஐ வென்று 14வது இடத்தில் முடித்திருந்தது. பயிற்சியாளர் நைஜல் பியர்சன் வேலையிழந்து, 2015 ஜூலையில் கிளாடியோ ரானியேரி வந்தபோது அணி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. ரானியேரியின் முதல் சாமர்த்தியமே அதில் அதிகம் கைவைக்காமல் இருந்ததுதான். பியர்சன் கடைசியில் நம்பியிருந்த மூன்று டிஃபென்டர் முறையை மட்டும் மாற்றி 4-4-2க்கு (பின்னால் நான்கு, நடுவில் நான்கு, முன்னால் இரண்டு பேர்) வந்தார்.

நான் சொல்ல வருவது வேறு. ஒரே சீசனில் இரண்டு லெஸ்டர்கள் ஆடின. ஆளுக்கு 19 ஆட்டம் என்று பிரித்துப் பார். முற்பாதியில் அடித்தது 37 கோல், வாங்கியது 25, புள்ளி 39. பிற்பாதியில் அடித்தது 31, வாங்கியது வெறும் 11, புள்ளி 42. கோல் வாங்காமல் முடித்த ஆட்டங்கள் முற்பாதியில் 4, பிற்பாதியில் 11. எல்லோர் நினைவிலும் நிற்பது முற்பாதி லெஸ்டர்: ஸ்ட்ரைக்கர் ஜேமி வார்டி தொடர்ந்து 11 ஆட்டங்களில் கோல் அடித்தது, ஓரத்தில் ஆடும் விங்கர் ரியாத் மாரெஸ் டிஃபென்டர்களைச் சுழற்றிவிட்டது. பட்டத்தை வாங்கித் தந்தது பிற்பாதி லெஸ்டர். உன் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்க முடிந்ததும் அதுதான்.

முற்பாதியின் தொடக்கம் உண்மையில் பயமுறுத்துவது. முதல் 9 ஆட்டத்தில் ஒன்றில்கூட கோல் வாங்காமல் தப்பவில்லை. மொத்தம் 17 வாங்கினார்கள். ஆஸ்டன் வில்லாவிடம் 0-2 பின்தங்கி 3-2 ஜெயித்தார்கள். ஸ்டோக்கிடம் 0-2இலிருந்து 2-2, சவுதாம்டனிடமும் அதே. பார்க்க அருமையாக இருக்கும், ஆனால் இப்படியே 38 ஆட்டம் ஓடாது. செப்டம்பர் 26 அன்று லெஸ்டரின் சொந்த மைதானத்திலேயே அர்செனல் 5 கோல் போட்டது. அதற்குப் பிறகு ரானியேரி பின்வரிசையின் இரு ஓரத்திலும் நிற்கும் இரண்டு ஃபுல் பேக்கையும் மாற்றினார். ரிச்சி டி லாட், ஜெஃப் ஷ்லுப் இருவரும் ஏறி ஓடுகிறவர்கள். அவர்களுக்குப் பதில் டேனி சிம்ப்சன், கிறிஸ்டியன் ஃபுக்ஸ். இவர்கள் வீட்டோடு இருக்கிறவர்கள். ஃபுக்ஸ் பந்தைத் தூரத்திலிருந்தே அனுப்புவார், கால் அனுப்பும் இடத்துக்கெல்லாம் ஆள் போகவேண்டியதில்லை. சிம்ப்சன் வலது பக்கம் நின்றதால்தான் மாரெஸ் பின்னால் இறங்கிவரும் கவலை குறைந்து முன்னால் திரிய முடிந்தது. பின்வரிசையின் நடுவில் சென்டர் பேக்குகளாக வெஸ் மோர்கன், ராபர்ட் ஹூத். இருவருக்கும் வேகம் கிடையாது, ஆனால் கோலுக்கு முன்னால் உள்ள பாக்ஸுக்குள் வரும் எந்தப் பந்தும் தலையைத் தாண்டாது. வேகமில்லாத இந்த இருவரை நடுக்கோடு வரை ஏற்றி நிறுத்தினால் எதிரிகள் அவர்கள் முதுகுக்குப் பின்னால் ஓடிவிடுவார்கள். ஆகவே வரிசை கீழே இறங்கியது, நான்கு பேரும் நெருங்கி நின்றார்கள். எதிரி ஓரத்திலிருந்து கிராஸ் போடட்டும், நமக்கு அது லாபம் என்ற கணக்கு.

அக்டோபர் 24, கிரிஸ்டல் பேலஸுடன் பத்தாவது ஆட்டம்: 1-0. சீசனில் கோல் வாங்காத முதல் ஆட்டம். பீட்சா வாங்கித் தருகிறேன் என்று ரானியேரி வீரர்களிடம் பந்தயம் கட்டியிருந்தது இதற்காகத்தான். பத்திரிகைகளுக்கு அந்தப் பீட்சா போதுமானதாக இருந்தது, ஃபுல் பேக் மாற்றத்தைப் பற்றி எழுத யாருக்கும் நேரமில்லை.

பிப்ரவரி 6 அன்று மான்செஸ்டர் சிட்டியை அதன் மைதானத்திலேயே 3-1 அடித்தார்கள். அதில் இரண்டு ஹூத்தின் கோல், ஒன்று ஃப்ரீ கிக்கில், ஒன்று கார்னரில். எட்டு நாள் கழித்து அர்செனல் மைதானத்தில் 1-2. சிம்ப்சன் ரெட் கார்டு வாங்கிப் பத்துப் பேரோடு தாக்குப்பிடித்து, 95வது நிமிடத்தில் வெல்பெக் தலையால் முட்டிய கோலில் தோற்றார்கள். இனி சரிவுதான் என்று உலகமே எழுதியது. ரானியேரி வீரர்களுக்கு ஒரு வாரம் விடுமுறை கொடுத்து அனுப்பிவிட்டார். எஃப்ஏ கோப்பையிலிருந்து வெளியேறிவிட்டதால் அடுத்த ஆட்டம் 13 நாள் தள்ளித்தான்.

அதற்குப் பின் வந்த ஆறு ஆட்டங்களைத்தான் நீ உட்கார்ந்து பார்க்கவேண்டும். நார்விச் 1-0, வெஸ்ட் பிராம் 2-2, வாட்ஃபர்ட் 1-0, நியூகாசில் 1-0, பேலஸ் 1-0, சவுதாம்டன் 1-0. 18 புள்ளியில் 16! வார்டி ஓட இடமே கிடைக்கவில்லை. எதிரணிகள் பாடம் படித்துவிட்டன. பந்தை லெஸ்டரிடமே கொடுத்துவிட்டுப் பின்னால் உட்கார்ந்துகொண்டன. நார்விச் ஆட்டத்தில் 89வது நிமிடம் வரை கோல் இல்லை. ஆல்பிரைட்டன் போட்ட கிராஸை மாற்று ஆட்டக்காரர் உயோவா உள்ளே தட்டினார். நியூகாசிலிடம் ஒகசாகியின் தலைகீழ் உதை. சவுதாம்டனிடம் ஃபுக்ஸ் கிராஸ், மோர்கன் தலை. எங்கிருந்தாவது ஒரு கோல் வந்தது. அந்த ஒன்றே போதும் என்று ஆக்கியது பின்வரிசை.

வார்டி பாணிக் கோல் எப்படி வந்தது என்பதற்கு ஒன்றை மட்டும் பிரித்துச் சொல்கிறேன், அதிலேயே எல்லாம் இருக்கிறது. 2015 நவம்பர் 28, மான்செஸ்டர் யுனைடெட், 24வது நிமிடம். கார்னர் யுனைடெடுக்கு. அதை லெஸ்டர் கோல்கீப்பர் காஸ்பர் ஷ்மைக்கல் கையில் பிடித்தவுடன் நிற்கவில்லை, உதைக்கவும் இல்லை. ஓடத் தொடங்கியிருந்த ஃபுக்ஸுக்குக் கையால் வீசினார். ஃபுக்ஸ் பந்தோடு முன்னால் ஓடி, யுனைடெட் டிஃபென்டர்களுக்கு நடுவே இருந்த சந்தில் தள்ளினார். வார்டி அந்தச் சந்துக்குள் ஓடி, யுனைடெட் கோல்கீப்பர் டி கியாவைத் தாண்டி அடித்தார். பந்தைத் தொட்டது மூன்றே பேர். கவனி: பாஸ் வார்டியின் காலுக்குப் போகவில்லை, அவர் ஓடப்போகும் இடத்துக்குப் போனது. எதிரி கார்னருக்காக ஏறியிருந்த நேரம் அது. உயரமான டிஃபென்டர்கள் இந்தப் பக்க பாக்ஸில் இருக்கும்போது அந்தப் பக்கம் காலி.

இனி நடுக்களம். எங்கோலோ காண்டே அந்த சீசனில் 175 டாக்கிள் (எதிரியின் காலிலிருந்து பந்தைப் பறிப்பது), 150க்கு மேல் இண்டர்செப்ஷன் (எதிரியின் பாஸை இடைமறிப்பது). லீக்கில் இரண்டிலும் அவர்தான் முதல். ஆனாலும் 4-4-2இல் நடுவில் இரண்டே பேர். எதிரணிகளில் பாதிக்கு மேல் அங்கே மூன்று பேரோடு வரும். அந்த மூன்றாவது ஆளை யார் பார்ப்பது? ஷின்ஜி ஒகசாகி. பெயர் ஸ்ட்ரைக்கர், அடித்தது 5 கோல், செய்த வேலையோ எதிரணியின் பின்நடுவரிசை ஆளைத் திரும்பவிடாமல் ஒட்டிக்கொள்வது. ஒரு மணி நேரம் மூச்சுமுட்ட ஓடிவிட்டு வெளியேறுவார், புதுக் கால் உள்ளே வரும். அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் குறைவு என்பது எனக்குப் பெரிய குறை.

அதிர்ஷ்டமே இல்லை என்று சொல்லவில்லை. 13 பெனால்டி கிடைத்தது. பெரிய காயங்கள் இல்லை. மோர்கனும் ஷ்மைக்கலும் 38 ஆட்டமும் ஆடினார்கள். ஐரோப்பியப் போட்டி கிடையாது, இரண்டு உள்நாட்டுக் கோப்பையிலும் சேர்த்து 5 ஆட்டம்தான். எனவே அதே பதினோரு பேரை வாராவாரம் இறக்க முடிந்தது, வாரத்தில் இரண்டு நாள் முழு ஓய்வும் கொடுக்க முடிந்தது. பெரிய அணிகள் எல்லாமே ஒரே நேரத்தில் தடுமாறின; செல்சி பத்தாவது இடத்தில் முடித்தது. இவையெல்லாம் வாய்த்தவை. வாய்த்ததை வீணாக்காமல் இருந்தது அவர்கள் கெட்டிக்காரத்தனம்.

இப்போது உன் பையன்களுக்கு வருவோம். கடைசி டிஃபென்டருக்கும் முன்னால் நிற்கும் ஸ்ட்ரைக்கருக்கும் நடுவே 30 மீட்டருக்கு மேல் போகவிடாதே. மைதானத்தில் 30க்கு 40 மீட்டர் கட்டம் போட்டு, எட்டுப் பேரை நான்கு நான்காக இரண்டு வரிசையில் நிறுத்து. வெளியே எட்டுப் பேர் பந்தைப் பக்கத்துக்குப் பக்கம் மாற்றட்டும். திடீரென்று விசில் அடித்து எல்லோரையும் உறையவை. பக்கத்துப் பையனுக்கு எட்டு முதல் பத்து காலடியில் எட்டவேண்டும். பதினைந்து நிமிடம் போதும், அதற்கு மேல் இந்த வயசுக்குச் சலித்துவிடும்.

எங்கே கெடும் என்றால், பந்து இல்லாத பக்கத்து விங்கர்தான் முதலில் கெடுப்பான். பந்தை வேடிக்கை பார்த்துக்கொண்டு கோட்டோரமே நிற்பான். உள்ளே நெருங்கவேண்டும் என்பதை நூறு தடவை சொல்லவேண்டியிருக்கும். அடுத்து, பின்வரிசை பயந்து இறங்கும், ஸ்ட்ரைக்கர்கள் மேலேயே நிற்பார்கள். நடுவில் ஐம்பது மீட்டர் திறந்துகிடக்கும், அங்கே காண்டேவே வந்தாலும் முடியாது. மூன்றாவது, நடுவரிசை பின்வரிசையின் மடியில் போய் உட்கார்ந்துவிடும். அப்போது பாக்ஸ் விளிம்பிலிருந்து ஓசியாக அடித்துக்கொண்டே இருப்பார்கள்.

பந்தைப் பிடுங்கியதும் மூன்று விநாடிக்குள் முன்னால் போகவேண்டும். பிடுங்கியவன் தன் கோலைப் பார்த்து நின்றால் அவனே திரும்ப முயற்சிக்கக்கூடாது. முன்னால் பார்த்து நிற்கும் பக்கத்துக்காரனுக்கு ஒரே தொடுதலில் கொடுக்கட்டும். லெஸ்டரில் அந்தப் பக்கத்துக்காரன் டேனி டிரிங்க்வாட்டர். அவன் போடும் நீள பாஸ் கார்னர் கொடியைப் பார்த்துப் போகவேண்டும். நேராக நடுவில் போட்டால் கோல்கீப்பர் வந்து எடுத்துக்கொள்வான். ஓடுகிறவன் சென்டர் பேக்கின் வெளித்தோளை ஒட்டி நின்று, வளைந்து ஓடட்டும். நேராக ஓடினால் பாதிக்குப் பாதி ஆஃப்சைடு.

ஷ்மைக்கல் வீச்சை மட்டும் விட்டுவிடு. உன் கோல்கீப்பரின் தோளுக்கு அவ்வளவு தூரம் வராது. ஃபுல் பேக்கைக் கிட்ட வரச்சொல்லி உருட்டிக் கொடுக்கச் சொல். ஆட்டம் முழுக்கக் கீழேயே உட்காரவும் வைக்காதே. மோர்கனும் ஹூத்தும் இல்லாமல் அப்படி உட்கார்ந்தால் ஒவ்வொரு கார்னரும் கண்டம்தான். எதிரி பின்னால் பாஸ் கொடுத்தாலோ, கோட்டோரம் ஃபுல் பேக்குக்குப் பந்து போனாலோ எல்லோரும் சேர்ந்து ஏறட்டும். மற்ற நேரம் பொறுமை.

காண்டே போன பிறகு என்ன ஆனது என்றும் தெரிந்துவைத்துக்கொள். 2016 கோடையில் அவர் செல்சிக்குப் போனார். அடுத்த சீசன் செல்சி சாம்பியன்; லெஸ்டர் 63 கோல் வாங்கி 12வது. ரானியேரியைப் பிப்ரவரியிலேயே அனுப்பிவிட்டார்கள். அதே 4-4-2, பெரும்பாலும் அதே ஆட்கள். ஆனால் நடுவில் ஒருவர் செய்த இரண்டு பேர் வேலையைச் செய்ய ஆள் இல்லை. உன் அணியிலும் அப்படி ஒருவன் இல்லையென்றால் 4-4-2 வேண்டாம், நடுவில் மூன்று பேரை வை. ஒகசாகி வேலை செய்யத் தயாரான பையன் கிடைத்தால் மட்டும் மாற்று.

நாற்பது மீட்டரை யார் எத்தனை விநாடியில் ஓடுகிறான், இரண்டு காலாலும் நீள பாஸ் போடுகிறவன் யாராவது உண்டா, இந்த இரண்டையும் அடுத்த கடிதத்தில் எழுது. யாரை எங்கே நிறுத்துவது என்று அதற்குப் பிறகு பார்க்கலாம். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ரவி