வேலைவாய்ப்பு முகாம் அறிவிப்பில் கல்வித்தகுதியும் கைக்கு வரும் சம்பளமும் போடக் கோரி மனு

அனுப்புநர்:
பொறியியல் பட்டதாரி (மின்னியல், 2020), கமுதி வட்டம், ராமநாதபுரம் மாவட்டம்.
(பெயர், முகவரி, வேலைவாய்ப்புப் பதிவு எண் தனித்தாளில் இணைத்துள்ளேன்.)

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், ராமநாதபுரம்.

நாள்: 01.09.2025, திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். அரசு வேலை கேட்டு இந்த மனுவைக் கொண்டு வரவில்லை. தனியார் வேலைக்காக நடக்கும் முகாம்களில் சின்ன மாற்றம் கேட்டுத்தான் வந்திருக்கிறேன்.

நான் பிளஸ் டூ முடித்த 2016இல்தான் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் எழும்பிக்கொண்டிருந்தது. கட்டும் வரைக்கும் சுற்றுவட்டாரத்தில் எல்லோருக்கும் வேலை இருந்தது. அதைப் பார்த்துத்தான் பொறியியல் கவுன்சிலிங்கில் ட்ரிபிள் இ (மின்னியல்) எடுத்தேன். ஓட ஆரம்பித்த பிறகு ஒரு சூரிய மின் நிலையத்துக்கு அவ்வளவு ஆள் தேவைப்படாது என்பது மூன்றாம் வருடம் பாடத்தில் வந்தபோதுதான் எனக்குப் புரிந்தது. அதை முன்கூட்டியே சொல்ல வீட்டில் படித்தவர் யாரும் இல்லை. அப்பா கரிமூட்டம் போடுபவர், மழை பெய்தால் கொஞ்சம் மிளகாய் விவசாயம். முதல் பட்டதாரி சலுகையில் கட்டணம் கொஞ்சம் குறைந்தது. மீதிக்கும் ஹாஸ்டலுக்கும் வங்கிக் கடன்.

கடைசி செமஸ்டரில் ஊரடங்கு வந்தது. தேர்வை செப்டம்பரில் ஆன்லைனில் எழுதினோம். அந்த ஏப்ரல் முதல் ஜூன் வரை நாட்டின் பொருளாதாரம் கிட்டத்தட்ட 24 சதவீதம் சுருங்கியதாக மத்திய அரசே அறிவித்திருந்தது. கேம்பஸில் என்னை எடுத்த நிறுவனம் 'பிறகு தகவல் சொல்கிறோம்' என்று மெயில் அனுப்பியதோடு சரி. 2022இல் மறுபடி ஆள் எடுக்க ஆரம்பித்தபோது எல்லா விளம்பரத்திலும் '2021, 2022 பாஸ் அவுட் மட்டும்' என்று போட்டிருந்தார்கள். எங்கள் செட் இடையில் மாட்டிக்கொண்டது. அதே வருடம் குரூப் 4 எழுதினேன். பத்தாம் வகுப்பு போதும் என்ற அந்தத் தேர்வில் 7,301 இடங்களுக்கு சுமார் 22 லட்சம் பேர் விண்ணப்பித்திருந்தார்கள். எனக்கு முன் பெஞ்சில் எம்.ஃபில். முடித்த அக்கா ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

இனி முகாம் விஷயத்துக்கு வருகிறேன். இதுவரை ஒன்பது முகாம்களுக்குப் போயிருக்கிறேன். கமுதி வரைக்கும் டவுன் பஸ்ஸில் பெண்களுக்கான விடியல் பயணம், டிக்கெட் காசு இல்லை. அங்கிருந்து ராமநாதபுரத்துக்குக் காசு கொடுத்துத்தான் போக வேண்டும். சாப்பாடும் சேர்த்தால் ஒரு முகாமுக்கு அப்பாவின் அரை நாள் கூலி போய்விடும். அறிவிப்பில் 'எட்டாம் வகுப்பு முதல் பொறியியல் பட்டம் வரை கலந்துகொள்ளலாம்' என்று இருக்கும். உள்ளே போனால் பெரும்பாலும் காப்பீடு விற்கும் வேலை, கமிஷன் மட்டும். இல்லையென்றால் சென்னைப் பக்கத் தொழிற்சாலைகளில் ஒப்பந்த வேலை. அதற்கும் பிளஸ் டூ முடித்தவர்களைத்தான் எடுப்பார்கள். "பி.இ. என்றால் ரெண்டு மாசத்துல ஓடிடுவீங்க" என்று மேசையிலேயே சொல்லிவிடுவார்கள்.

ஒருமுறை நான் பட்டத்தை மறைத்தேன். பயோடேட்டாவில் பிளஸ் டூவோடு நிறுத்திக்கொண்டு ஒரு தொழிற்சாலையில் பதினோரு மாதம் வயர் கோத்தேன். லைனில் மெஷின் நின்றால் எங்கே கோளாறு என்று எனக்குத் தெரியும், ஆனால் வாயைத் திறக்கக் கூடாது. நான்கு வருடம் கடன் வாங்கிப் படித்ததை இப்படி ஒளித்து வைக்க வேண்டியிருந்ததை இன்றுவரை வீட்டில் சொல்லவில்லை. ஒப்பந்தம் முடிந்ததும் ஊருக்குத் திரும்பிவிட்டேன். இப்போது பக்கத்து ஊர்ப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன்.

ஆகவே, முகாம் அறிவிப்போடு கலந்துகொள்ளும் நிறுவனங்களின் பட்டியலையும் மூன்று நாள் முன்னதாக வெளியிட உத்தரவிட வேண்டுகிறேன். ஒவ்வொரு வேலைக்கும் என்ன படிப்பு, எந்த ஊர், நேரடி வேலையா ஒப்பந்தமா, பிடித்தம் போகக் கைக்கு எவ்வளவு என்று நான்கு விவரம் இருந்தால் போதும். கமிஷன் வேலை என்றால் கமிஷன் என்றே போடட்டும், வேண்டியவர்கள் வரட்டும். இதற்கு அரசுக்குப் பெரிய செலவு வராது, எங்களுக்கு பஸ் காசு மிச்சம்.

அப்புறம், வருடத்தில் இரண்டு முகாமாவது பரமக்குடியிலோ கமுதியிலோ தொழிற்பட்டம் படித்தவர்களுக்கென்று தனியாக நடத்த வேண்டும். வீட்டு மாடிகளில் சோலார் போட மத்திய அரசு 2024 முதல் 78,000 ரூபாய் வரை மானியம் தருகிறது. அந்த வேலை எடுக்கும் ஒப்பந்ததாரர்களை அழைத்தாலே மின்னியல் படித்தவர்கள் சிலருக்காவது சொந்த மாவட்டத்தில் வேலை கிடைக்கும். முன்னேற விழையும் மாவட்டம் என்று நம் மாவட்டத்தை அறிவித்திருப்பதால் நிறுவனங்களிடம் இதைத் தாங்கள் கேட்க முடியும் என்று நம்புகிறேன்.

இன்னொன்று தங்கள் அதிகாரத்தில் இல்லை என்று தெரியும். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து வருடம் காத்திருக்கும் பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய் உதவித்தொகை உண்டு. பி.ஏ. படித்த என் தோழிக்குக் கிடைக்கிறது. பொறியியல், சட்டம், விவசாயம் போன்ற தொழிற்பட்டம் படித்தவர்கள் விண்ணப்பிக்கவே முடியாது. இந்தப் படிப்புக்கு உடனே வேலை கிடைத்த காலத்தில் போட்ட விதியாக இருக்க வேண்டும். 600 ரூபாயில் யாரும் பிழைக்க முடியாதுதான். ஆனால் போட்டித் தேர்வுக் கட்டணத்துக்கும் போய்வரும் பஸ்ஸுக்கும் ஆகும். இந்த விதியை மறுபரிசீலனை செய்யத் தங்கள் பரிந்துரையோடு அரசுக்கு அனுப்பி வைக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

மனுவின் மீது எடுக்கும் நடவடிக்கையை எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

இணைப்பு: பட்டச் சான்று நகல், 2023இல் புதுப்பித்த வேலைவாய்ப்பு அட்டை நகல், ஒன்பது முகாம்களின் அறிவிப்பு நகல்கள்.