ஃபோர்க்கை மாற்றும் முன்: தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புத் தம்பி,

உன் மலை சைக்கிளில் 140 மி.மீ. ஃபோர்க்கை (முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும், அமுங்கி நிமிரும் கவை) கழற்றிவிட்டு 160 போடலாமா என்று கேட்டிருந்தாய். அந்த மி.மீ. கணக்கு ஃபோர்க் அமுங்கக்கூடிய தூரம், அதாவது டிராவல். பாறைப் படியில் இறங்கும்போது முன்பக்கம் அப்படியே அமுங்கி, ஹேண்டில்பாருக்கு மேலே தூக்கியடிக்கப் பார்த்தது என்றும் எழுதியிருந்தாய். படித்ததும் வயிற்றைக் கலக்கியது. அதே மாதிரி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டவன் நான். காசைச் செலவழிக்கும் முன் இதைப் படித்துவிடு.

நீ ஓட்டுவது வேகப் பாதை கிடையாது. நடக்கிற வேகத்தில், பிரேக்கைப் பிடித்தபடியே முன் சக்கரத்தைப் பாறை விளிம்பிலிருந்து இறக்க வேண்டிய பாதை. உன் எடையும் பிரேக்கும் சேர்ந்து ஃபோர்க்கை மெதுவாக, ஆனால் விடாமல் அழுத்துகின்றன. ஃபோர்க் அமுங்க அமுங்க ஹெட் ஆங்கிள் (ஃபோர்க் தரையோடு அமையும் கோணம்) செங்குத்தாகி, நீ சக்கரத்துக்கு மேலேயே வந்துவிடுகிறாய். 160 ஃபோர்க்கையும் இதேபோல் மெத்தென்று வைத்தால் இன்னும் ஆழமாக அமுங்கும். தவிர, 20 மி.மீ. கூட்டினால் ஹெட் ஆங்கிள் ஏறக்குறைய ஒரு டிகிரி சாயும், பெடலும் கொஞ்சம் உயரும். செங்குத்து ஏற்றத்தில் முன் சக்கரம் அலையும். உன் ஃபிரேம் அந்த நீளத்தைத் தாங்குமா என்பதையும் தயாரிப்பாளர் கையேட்டில் பார்க்க வேண்டும்.

ஃபோர்க்கில் முதலில் சேக் பார், அதாவது உன் எடைக்கே அது எவ்வளவு அமுங்குகிறது என்று. ஹெல்மெட், தண்ணீர்ப் பை எல்லாம் மாட்டிக்கொண்டு, கம்ப்ரஷனை (அமுங்கும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் திருகு) முழுக்கத் திறந்துவிட்டு, இறக்கத்தில் நிற்பதுபோல் பெடலில் நின்று, ஃபோர்க் குழாயில் இருக்கும் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) எங்கே நிற்கிறது என்று அளந்துகொள். 140 ஃபோர்க்கில் 28 மி.மீ. என்றால் 20 சதவீதம். உன் பாதைக்கு நான் 15 சதவீதத்தை ஒட்டி, அதாவது 21 மி.மீ. வைப்பேன். பின்னால் 28 முதல் 30 சதவீதம் போதும். அதற்கு மேல் போனால் ஏற்றத்தில் பெடல் ஒவ்வொரு கல்லிலும் இடிக்கும். பின்பக்கத்தை அளக்கும்போது சக்கரத்தின் டிராவலை எடுக்காதே, ஷாக்கின் (பின்பக்க சஸ்பென்ஷன்) ஸ்ட்ரோக்கை, அதாவது அந்த ஷாக் அமுங்கும் நீளத்தை எடு. 50 மி.மீ. ஸ்ட்ரோக் என்றால் 15 மி.மீ. தான் 30 சதவீதம். நிறையப் பேர் தவறுவது இங்கேதான்.

சேக்கைக் குறைக்க ஃபோர்க்குக்குள் காற்றடிக்கும்போது நடுநடுவே நிறுத்தி, ஃபோர்க்கை ஐந்தாறு முறை நன்றாக அழுத்தி விடு. மேல் அறைக் காற்றும் கீழ் அறைக் காற்றும் அப்போதுதான் சமமாகும். பம்பைக் கழற்றும்போது வரும் ‘புஸ்’ குழாயில் இருந்த காற்று, பயப்படாதே.

காற்றைக் கூட்டியும் அமுங்குகிறதா? லோ-ஸ்பீட் கம்ப்ரஷனை (ஃபோர்க் மெதுவாக அமுங்குவதைக் கட்டுப்படுத்தும் திருகு) இரண்டு கிளிக் கூட்டு. ஃபோர்க் முன்னால் சரிந்தாலே உள்ளே ஸ்பேசர் (காற்றறையின் இடத்தைக் குறைக்கும் துண்டு) போடு என்று பலர் சொல்வார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஸ்பேசர் டிராவலின் கடைசிப் பகுதியைத்தான் முக்கியமாக இறுக்கும். உன் பிரச்சினை நடுப்பகுதியில். ஃபோர்க் அடிக்கடி அடிவரை போய் முட்டினால் மட்டும் ஒன்று போடு. காற்றைக் கூட்டிய பிறகு பெரிய படியில்கூட முழு டிராவலும் வரவில்லையென்றால் உள்ளே இருப்பதில் ஒன்றை எடுத்துவிடு.

அப்புறம் ரீபவுண்ட், அதாவது அமுங்கிய ஃபோர்க் திரும்ப நிமிரும் வேகம். காற்றைக் கூட்டினால் ஸ்பிரிங் இன்னும் பலமாகத் திருப்பித் தள்ளும், அதனால் ஒரு கிளிக் மெதுவாக்கு. ரொம்பவும் மெதுவாக்கிவிடாதே. வரிசையாக வேர்கள் வரும்போது ஃபோர்க் நிமிர்வதற்குள் அடுத்த வேர் வந்துவிடும். மூன்றாவது வேரில் டிராவலே மிஞ்சாமல் கை அதிரும். நான் விழுந்ததும் அப்படித்தான். ஃபோர்க் சின்னது என்று அப்போது நினைத்தேன், உண்மையில் அது நிமிரவே இல்லை.

இது எதையும் தொடும் முன் டயர் காற்றைப் பார். 2 பி.எஸ்.ஐ. குறைத்தாலே தெரிகிற வித்தியாசம் சில கிளிக்குகளில் தெரியாது.

ஒரே ஒரு படியைத் தேர்ந்தெடு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, அதே படியில் மூன்று முறை இறங்கிப் பார். கிளிக்குகளை முழுக்க மூடிய நிலையிலிருந்து எண்ணிக் குறித்துவை. காற்று, சேக், ரீபவுண்ட், கம்ப்ரஷன் நான்கையும் எனக்கு அனுப்பு. அதன் பிறகும் 140 போதவில்லை என்றால் ஃபோர்க் தேடுவதில் நானும் கூட உட்காருகிறேன்.

அன்புடன்,
அண்ணன்