கயலுக்கு அப்பா எழுதுவது

அன்புள்ள கயலுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். ஜூன் 12-ல் மேட்டூரைத் திறந்தார்கள். கல்லணைக்கு வந்து, வெண்ணாற்றில் இறங்கி, நம் வாய்க்காலை எட்டுவதற்குள் நாற்றங்கால் காய்ந்துவிடுமோ என்று பயந்துகொண்டிருந்தேன். நல்லவேளை, வந்துவிட்டது. இந்த வருஷமும் இயந்திர நடவுதான், நடவுக்கு ஆள் கிடைக்கவில்லை. அம்மாவுக்கு முட்டிவலி. நான் கேட்டால் இல்லை என்பாள். நீ கேட்டால் சொல்லுவாள், ஆனால் அதற்கு நீ போனை எடுக்க வேண்டும். எடுத்தாலும் "அப்புறம் பேசறேன்ப்பா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம்.

சித்திரையில் வந்திருந்தபோது மாடி அறையில் வெகுநேரம் விளக்கு எரிந்தது. தண்ணீர்ச் சொம்பை எடுத்துக்கொண்டு வந்தேன். என்னைப் பார்த்ததும் நோட்டைத் தலையணைக்கு அடியில் தள்ளினாய். அம்மா கேட்டதற்கு வீட்டுக் கணக்கு என்றாயாம். கணக்கு எழுதும்போது உன் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? மறுநாள் நீ குளிக்கப் போன நேரம் அந்த நோட்டு மேஜை மேலேயே கிடந்தது. நான் தொடவில்லை. ஆனால் நீ திரும்பவும் கதை எழுதுகிறாய் என்று புரிந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை, உன் அம்மாவிடம்கூட.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அதை இப்போதைக்கு யாருக்கும் அனுப்பாதே. பத்திரிகைக்கும் வேண்டாம், போட்டிக்கும் வேண்டாம், போனில் ஏற்றவும் வேண்டாம்.

போனில் தொடர் எழுதின காலத்தை நான் மறக்கவில்லை. தினம் ஒரு பாகம். ஜுரம் அடித்தாலும் ஒரு பாகம். திருவாரூரில் உன் நாத்தனார் கல்யாணத்தில் பந்திக்குக்கூட வராமல் மண்டபத்து மூலையில் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தாய். எத்தனை பேர் படித்தார்கள், எத்தனை நட்சத்திரம் போட்டார்கள் என்று பார்த்துப் பார்த்து உன் கண்ணுக்குக் கீழே கறுத்துப்போனது. கடைசியில், வாசகர்கள் கேட்கிறார்கள் என்று அந்த வசந்தாவைப் புருஷன் வீட்டுக்கே திருப்பி அனுப்பினாய். ஆரம்பத்திலிருந்து படித்தவன் நான். அவள் போகமாட்டாள். போகக்கூடிய பெண்ணாக நீ அவளை எழுதவில்லை. உனக்கும் அது தெரியும், அதனால்தான் அந்தத் தொடரோடு எழுதுவதையே விட்டாய் என்று நினைக்கிறேன். படித்தவர்கள் எல்லோரும் நல்ல முடிவு என்று பாராட்டினார்கள். நீ ஒருத்தி மட்டும் அழுதாய்.

பத்தாவது படிக்கும்போது பால் கணக்கு நோட்டின் பின்பக்கம் எழுதினாயே, மதகுக் கதை, அதை யார் கேட்டு எழுதினாய்? ஆற்றில் முறை வைத்துத் தண்ணீர் விட்ட வருஷம் அது. பங்காளிகள் இரண்டு பேர் ராத்திரியில் மதகடியில் உட்கார்ந்து ஒருவரையொருவர் காவல் காக்கிறார்கள். விடிகிறவரைக்கும் ஒரு பேச்சு இல்லை. தண்ணீர் வரும்போது முதலில் நுரையும் சருகும்தான் வரும் என்று எழுதியிருந்தாய். உன் பெரியப்பா அதை இரண்டு தடவை படித்துவிட்டு, "இந்தப் பொண்ணு எப்படா மதகுக்கு வந்துச்சு?" என்று கேட்டார். அதற்கு அப்புறம்தான் அவரும் நானும் பேச ஆரம்பித்தோம், உனக்கே தெரியும். அந்த நோட்டு பீரோவில் பத்திரமாக இருக்கிறது.

மெலட்டூர் பாகவத மேளாவுக்கு உன்னைக் கூட்டிப்போனது ஞாபகம் இருக்கிறதா? நரசிம்ம ஜெயந்தி சமயம், விடிய விடிய பிரகலாத நாடகம். நரசிம்மர் வரும்போது பயந்து என் துண்டுக்குள் முகத்தை வைத்துக்கொண்டாய். அங்கே ஆடுகிறவர்களில் நிறையப் பேருக்கு அது பிழைப்பு இல்லை. வெளியூரில் உத்தியோகம் பார்த்துக்கொண்டு, வருஷா வருஷம் லீவு போட்டு வந்து வேஷம் கட்டுகிறார்கள். தலைமுறை தலைமுறையாக அப்படித்தான். வேலை ஒரு ஊரில், வேஷம் இந்த ஊரில். அதற்காக அவர்கள் ஆட்டத்தை யாராவது பொழுதுபோக்கு என்று சொல்வார்களா?

உன் அலமாரியில் சிறுகதைக்காரர் மௌனி இருக்கிறாரே, அவரையே எடுத்துக்கொள். செம்மங்குடியில் பிறந்தவர், 1907. கும்பகோணத்தில் இருந்தார், அப்புறம் சிதம்பரம். 1985-ல் காலமாகிற வரைக்கும் மொத்தமே இருபத்துச் சொச்சம் கதைகள். மணிக்கொடிப் பத்திரிகைக் காலத்தில் எழுதினார், நின்றுபோனார், பல வருஷம் கழித்துத் திரும்பவும் எழுதினார். நடுவில் எழுதாமல் இருந்ததை இன்றைக்கு யார் குறையாகச் சொல்கிறார்கள்? நீ மட்டும் ஏன் ஏதோ தப்புச் செய்தவள் மாதிரி நோட்டை ஒளிக்கிறாய்?

மெதுவாக எழுது. ஒரு ராத்திரிக்கு நாலு வரி வந்தால் போதும், வராவிட்டால் படுத்துத் தூங்கு. அடித்துத் திருத்து, பிடிக்காவிட்டால் வேறு கதைக்குப் போ, பாதியில் நிற்கட்டும். யாரும் அடுத்த பாகம் கேட்டு நிற்கவில்லை. யாருக்கும் அனுப்பாதே, எனக்கும் அனுப்ப வேண்டாம். எனக்குப் படிக்க ஆசை இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். இருந்தாலும் நான் படிப்பேன் என்று நினைத்துக்கொண்டு எழுதினால் சில இடங்களில் உன் கை நின்றுவிடும். அது வேண்டாம்.

நேரத்துக்குச் சாப்பிடு. இந்தத் தடவை ரொம்ப இளைத்திருந்தாய். பத்து நாள் இருப்பேன் என்று வந்தவள், போன் வந்ததும் நாலாம் நாளே கிளம்பினாய். நீடாமங்கலம் ஸ்டேஷனில் ரயில் நகர்கிறவரைக்கும் என் முகத்தைப் பார்க்கவில்லை. பொங்கலுக்கும் தனியாகத்தான் வந்தாய். மாப்பிள்ளைக்கு வேலை என்றாய், சரி என்றேன். அம்மா தினமும் கேட்கச் சொல்கிறாள். நான் கேட்கவில்லை. நீயாகச் சொல்கிறவரைக்கும் கேட்கவும் மாட்டேன். ஆனால் ஒன்று, கயல். வசந்தாவுக்குச் செய்ததை இந்தத் தடவை செய்யாதே. நாலு பேர் கேட்கிறார்கள் என்று எந்தப் பெண்ணையும் எங்கேயும் திருப்பி அனுப்பாதே. அவள் எங்கே இருக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். அவள் அங்கே இருக்கட்டும். அது எந்த வீடாக இருந்தாலும் எனக்குச் சம்மதம், அம்மாவுக்கும் சம்மதம். அம்மா கொஞ்சம் அழுவாள், அவ்வளவுதான்.

மாடி அறையில் உன் பெரியப்பா பையன் சாமான் கொஞ்சம் போட்டிருந்தான். எடுக்கச் சொல்லிவிட்டேன். ஜன்னல் கொக்கி ஆடிக்கொண்டிருந்தது, ஆசாரியை வரச்சொல்லி மாற்றியாகிவிட்டது. ஆடிப்பெருக்குக்கு வருவதென்றால் டிக்கெட்டை இப்போதே போட்டுவிடு, அப்புறம் கிடைக்காது. எவ்வளவு நாள் இருப்பாய் என்று இங்கே யாரும் கேட்கமாட்டார்கள். நான் சொல்லி வைத்திருக்கிறேன்.

பார்சலில் அம்மா போட்ட ஆவக்காய் ஒரு பாட்டில், இட்லிப்பொடி, அப்புறம் ஆறு நோட்டு. கோடு போடாததுதான் உனக்குப் பிடிக்கும். மன்னார்குடியில் கிடைக்கவில்லை, கும்பகோணம் போய் வாங்கினேன். பார்சல் வந்து சேர்ந்ததும் ஒரு வார்த்தை சொல்லு.

அன்புடன்,
அப்பா