25 மடங்கு என்பது எதன் 25 மடங்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாற்பது வயதுக்குள் நிதிச் சுதந்திரம் அடைவது பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையை எனக்கு முன்பே என் மகள் படித்துவிட்டாள். பத்திரிகை என் கைக்கு வந்தபோது அட்டவணை இருந்த பக்கத்தைக் காணவில்லை. கத்தரித்து எடுத்துத் தன் அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டியிருந்தாள். ‘ஆண்டுச் செலவைப்போல் 25 மடங்கு சேர்ந்துவிட்டால் வேலையை விட்டுவிடலாம்’ என்ற வரியின் கீழே சிவப்பு மையில் இரண்டு கோடுகள். அவளுக்கு வயது 29. நானோ 31 ஆண்டுகள் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பேரேடு பார்த்துக் கண் மங்கியவள். அலமாரி முன் நின்று அந்தத் தாளைப் படித்தபோது கை சும்மா இருக்கவில்லை. பென்சிலைத் தேடி எடுத்தேன்.

முதலில் அட்டவணை. ஆண்டுக்கு 12 சதவீத வருமானத்தில் 20 ஆண்டுகளில் பணம் 9.6 மடங்காகும் என்று போட்டிருக்கிறீர்கள். பெருக்கலில் பிழையில்லை. ஆனால் அதே கட்டுரையில், இரண்டு பத்தி தள்ளி, விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறுவதாக வைத்துக்கொள்வோம் என்கிறார் கட்டுரையாளர். அந்த 6 சதவீதம் அட்டவணைக்குள் காலெடுத்து வைக்கவே இல்லை. அந்த வேகத்தில் விலைவாசி ஏறினால் இன்றைய செலவு 20 ஆண்டுகளில் 3.2 மடங்காகிவிடும். 9.6ஐ 3.2ஆல் வகுத்துப் பாருங்கள். மிஞ்சுவது மூன்றே மடங்கு. இலக்கை இன்றைய பணத்திலும் சேமிப்பை 20 ஆண்டு கழித்து வரும் பணத்திலும் கணக்கிட்டு இரண்டையும் அருகருகே வைத்திருக்கிறார். வரவைக் கிலோவிலும் செலவை மூட்டையிலும் எழுதிய பேரேட்டை என் மேலதிகாரியிடம் நீட்டியிருந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்.

அடுத்து அந்த 25. கட்டுரையில் அது வேதவாக்குப் போல வருகிறது. யார் சொன்னது, யாருக்குச் சொன்னது என்று ஒரு வரி இல்லை. வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர் 1994இல் வெளியிட்ட ஆய்விலிருந்து பிறந்த எண் அது. 1926 முதலான அமெரிக்கப் பங்குச் சந்தை, கடன்பத்திர விவரங்களை எடுத்துக்கொண்டு அவர் ஒரு கேள்வி கேட்டார். ஓய்வு பெற்றவர் முதல் ஆண்டில் தன் சேமிப்பில் எத்தனை சதவீதம் எடுத்து, பிறகு விலைவாசிக்கு ஏற்ப அத்தொகையைக் கூட்டிக்கொண்டே போனால், மிக மோசமான காலத்தில் ஓய்வு பெற்றிருந்தாலும் 30 ஆண்டுகளுக்குப் பணம் தாங்கும்? ஏறத்தாழ 4 சதவீதம் என்று விடை வந்தது. நூறை நான்கால் வகுத்தால் 25. டெக்சாஸில் உள்ள டிரினிட்டி பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் மூவர் 1998இல் வெளியிட்ட ஆய்வும் இதை ஒட்டியே அமைந்ததால் எண் உலகெங்கும் பரவிவிட்டது.

இதில் ‘30 ஆண்டுகள்’ என்பதைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். அறுபத்தைந்தில் ஓய்வு பெறுபவருக்கு அது போதும். நாற்பதில் வேலையை விடும் பெண்ணுக்குப் பணம் 50 ஆண்டுகள்கூட ஓட வேண்டியிருக்கும். இன்னொன்று, இது அமெரிக்கச் சந்தையின் வரலாறு. இருபதாம் நூற்றாண்டில் அதிர்ஷ்டம் செய்த சந்தைகளுள் அது ஒன்று. ஜப்பானின் பங்குச் சந்தைக் குறியீடான நிக்கேய் 1989 இறுதியில் தொட்ட உச்சத்தை மறுபடி தாண்டியது 2024 பிப்ரவரியில். இடையில் 34 ஆண்டுகள்! ‘நீண்ட காலத்தில் சந்தை ஏறியே தீரும்’ என்று கட்டுரையாளர் எழுதும்போது எத்தனை நீளம் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

வேலையை விட்ட முதல் சில ஆண்டுகளில் சந்தை விழுந்தால் என்ன ஆகும் என்பதும் கட்டுரையில் இல்லை. 100 வைத்திருப்பவர் 4 எடுக்கிறார்; மீதி 96. அந்த ஆண்டே 30 சதவீதச் சரிவு வந்தால் கையில் 67. மறு ஆண்டு விலைவாசி ஏறாவிட்டாலும் அதே 4ஐ எடுக்க வேண்டும். இப்போது அது கையிருப்பில் 6 சதவீதம். இதே சரிவு இருபதாவது ஆண்டில் வந்திருந்தால் இவ்வளவு வலிக்காது. சராசரி வருமானத்தை மட்டும் பார்ப்பவர்களுக்கு ஏற்ற இறக்கம் எந்த வரிசையில் வருகிறது என்ற இந்தக் கோளாறு கண்ணில் படுவதில்லை.

இதெல்லாம் பிழைதிருத்தம். எனக்கு உண்மையில் இருக்கும் மனத்தாங்கல் வேறு. ‘25 மடங்கு’ என்கிறீர்களே, எதன் 25 மடங்கு? செலவின் 25 மடங்கு. அப்படியிருக்க, ஆறு பக்கக் கட்டுரையில் ஐந்தரைப் பக்கம் எதில் முதலீடு செய்வது என்றே போகிறது. செலவைப் பற்றி ஒரு பெட்டிச் செய்தி மட்டும். அதுவும் தினசரிச் சில்லறைச் செலவுகளைக் கைவிடச் சொல்லும் வழக்கமான உபதேசம்.

செலவு இரண்டு பக்கமும் வேலை செய்யும். மாதச் செலவில் நூறு குறைந்தால் சேமிப்பு ஆண்டுக்கு 1,200 கூடும். சேர்க்க வேண்டிய தொகையும் 30,000 குறையும். முதலீட்டின் வருமான விகிதத்துக்கு இந்த இரட்டைப் பலன் கிடையாது. விலைவாசி போகப் பணம் ஆண்டுக்கு 5 சதவீதம் வளர்வதாகவும், கையில் ஒன்றுமில்லாமல் தொடங்குவதாகவும் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். சம்பளத்தில் 10 சதவீதம் சேமிப்பவர் 25 மடங்கைத் தொட ஏறத்தாழ 51 ஆண்டுகள் ஆகும். அவர் படாத பாடுபட்டு நல்ல முதலீடாகத் தேடிப் பிடித்து 5ஐ 6 ஆக்கினாலும் 46 ஆண்டுகள். முதலீட்டைத் தொடாமல் சேமிப்பை மட்டும் 20 சதவீதமாக உயர்த்தினால் 37. முப்பது சதவீதம் என்றால் 28. பாதிச் சம்பளத்தில் வாழ முடிந்தவருக்கு 17 ஆண்டுகள்கூட ஆகாது. உங்கள் அட்டவணைக்குப் பதில் இந்த நான்கைந்து எண்களைப் போட்டிருந்தால் கட்டுரையில் பாதி தேவைப்பட்டிருக்காது.

சில்லறைச் செலவு பற்றிய உபதேசத்தோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொன்னவர்கள் நம் பெரியவர்கள், மறுக்கவில்லை. ஆனால் என் வாழ்க்கையில் பெரும் பணம் போனதெல்லாம் ஒரே ஒருமுறை தலையசைத்த விஷயங்களில்தான். எனக்கு 34 வயதில் பதவி உயர்வு வந்தது. அடுத்த மாதமே மூன்று அறை வீட்டுக்கு வாடகைக்குப் போனோம். மூன்றாவது அறையில் ஒன்பது ஆண்டுகள் துணி காயப் போட்டோம். கூடவே ஒரு வாகனம், தவணையில். உடன் வேலை பார்த்தவரின் முகதாட்சண்யத்துக்காகக் காப்பீடும் முதலீடும் கலந்த 20 ஆண்டு பாலிசி ஒன்றில் கையெழுத்திட்டு, நான்காவது ஆண்டில் பிரீமியம் கட்ட முடியாமல் சரண்டர் செய்தேன், அதாவது பாதியில் முடித்துக்கொண்டேன். கட்டியதைவிடக் குறைவாகவே திரும்பி வந்தது. இந்த மூன்று கையெழுத்துகளையும் மிச்சப்படுத்தியிருந்தால், ஆயுள் முழுக்கச் சில்லறைச் செலவு செய்திருந்தாலும் நான் முன்னால் நின்றிருப்பேன்.

மாதாமாதம் தானாகப் போய்க்கொண்டிருக்கும் தொகைக்கு நாம் மறுபடி சம்மதம் சொல்வதே இல்லை. வாடகை, தவணை, சந்தா எல்லாம் அந்த ரகம். நம் பணத்தை நிர்வகிப்பவர்கள் ஆண்டுதோறும் எடுத்துக்கொள்ளும் முதலீட்டுக் கட்டணமும் அப்படித்தான். கட்டுரையாளர் ‘வெறும் 1 சதவீதம்’ என்று கடந்துபோகிறார். 7 சதவீதத்தில் 30 ஆண்டுகளில் பணம் 7.6 மடங்காகும், கட்டணம் போக மிஞ்சும் 6 சதவீதத்தில் 5.7 மடங்குதான். கடைசியில் கைக்கு வரவேண்டியதில் நான்கில் ஒரு பங்கு அந்த ‘வெறும்’ ஒன்றுக்குள் போய்விடுகிறது. சந்தைக் குறியீட்டில் உள்ள பங்குகளை அப்படியே வாங்கி வைக்கும், கட்டணம் குறைந்த இண்டெக்ஸ் ஃபண்டுகள் 1970களிலிருந்தே இருக்கின்றன. கட்டுரையில் அவற்றுக்கு ஒரு வரிகூட இல்லாதது வியப்பாக இருந்தது. மாதம் 3 சதவீத வட்டியில் கிரெடிட் கார்டு பாக்கி வைத்திருப்பவர் இதையெல்லாம் படிக்க வேண்டியதே இல்லை. அந்தக் கடன் இரண்டே ஆண்டுகளில் இரட்டிப்பாகிவிடும், முதலில் அதை அடைக்கட்டும்.

செலவைக் குறைக்க இடமே இல்லாத வீடுகள் இருக்கின்றன என்பதும் எனக்குத் தெரியும். பெற்றோரின் மருத்துவச் செலவையும் தம்பியின் படிப்பையும் ஒரே சம்பளத்தில் தாங்கும் பெண்ணிடம் ‘பாதியைச் சேமி’ என்று சொல்ல எனக்கு வாய் வராது. இத்தகையோருக்கு 25 மடங்கு என்ற எண் வெறும் எரிச்சலைத்தான் தரும். அவர்களுக்காகவும் ஒன்று சொல்ல வேண்டும். விடுதலை 25ஆவது மடங்கில் ஒரே நாளில் திறக்கிற கதவு என்பதுபோல் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது எட்டு மாதச் செலவுக்குச் சமமான பணத்திலேயே கிடைத்தது. நடக்காத செலவுக்குப் பற்றுச்சீட்டு தயாரித்துக் கையெழுத்திடச் சொன்னார் அப்போதைய மேலாளர். முடியாது என்றேன். சொல்லும்போது கால் நடுங்கியது உண்மை. ஆனால் வங்கிக் கணக்கில் எட்டு மாதத்துக்கு இருக்கிறது என்ற நினைப்பு அந்த நொடியில் எனக்குப் பின்னால் நின்றது. வேலை போகவில்லை, வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். அதே இடத்தில் அதே தாளில் கையெழுத்திட்ட இன்னொருவருக்குச் சேமிப்பு ஏதுமில்லை, இரண்டு தவணைகள் ஓடிக்கொண்டிருந்தன. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, இன்றுவரை.

ஆகவே என் வேண்டுகோள்: அடுத்த இதழில் அந்த அட்டவணையை விலைவாசியைக் கழித்துத் திருத்தி வெளியிடுங்கள். 25 என்ற எண் எந்த நாட்டு விவரத்திலிருந்து, எத்தனை ஆண்டுக்கு என்று இரண்டு வரி சேர்த்தால் போதும். இடம் இருந்தால், மாதச் செலவில் ஆறு மாதத்துக்குரியதைச் சேர்ப்பது எப்படி என்று, குறைந்த சம்பளக்காரர்களை மனத்தில் வைத்து யாரையாவது எழுதச் சொல்லுங்கள். தாளைக் கொஞ்சம் கனமாக அச்சிட்டால் நல்லது. என் பென்சில் கணக்கைப் பார்த்த மகள் தானும் போட்டுப் பார்க்கிறேன் என்று அழிப்பானால் தேய்த்ததில் அட்டவணையின் மூன்றாவது வரி கிழிந்துவிட்டது.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி
(ஓய்வுபெற்ற கணக்காளர்)